மனையியல்: பின்வாசல் வழியாக வந்த விஞ்ஞானம்

"ஹோம் சயின்ஸா? அதைப் படிக்க எதுக்கு காலேஜ்? அம்மாகிட்டயே கத்துக்கலாமே!"

மனையியல் படிக்கும் எந்தப் பெண்ணும் மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. மார்க் குறைந்தவர்கள் சேர்கிற குரூப், கல்யாணம் ஆகும் வரை பொழுதைப் போக்குகிற கோர்ஸ் என்று இந்தப் படிப்புக்கு ஏகப்பட்ட பட்டப்பெயர்கள் வேறு. கேலி செய்பவர்கள் அந்த வகுப்பின் பாடப்புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து, துணி இழைகளின் அமைப்பு, குழந்தை வளர்ச்சி, குடும்ப வரவு செலவுத் திட்டம்... இதில் எதை எந்த அம்மா அடுப்படியில் சொல்லித் தருகிறார்?

ஆனால் அந்தக் கேலிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு, சுமார் 150 வருடங்கள் பின்னால் போக வேண்டும்.

எலன் ஸ்வாலோ 1842-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். பெண்கள் கல்லூரியான வாஸரில் 1870-ல் பட்டம் வாங்கினார். மேலே வேதியியல் படிக்க ஆசை. எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தார். இன்று நம் ஊர் ஐ.ஐ.டி. பையன்கள் கனவு காணும் அதே எம்.ஐ.டி.தான். அதுவரை அங்கே ஒரு பெண்ணைக் கூடச் சேர்த்ததில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டார்கள், கட்டணமும் வேண்டாம் என்றார்கள். எலன் தன் வசதிக் குறைவைப் பார்த்துச் சலுகை தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். உண்மைக் காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண்ணை எப்படிச் சேர்த்தீர்கள் என்று யாராவது பிரச்சினை கிளப்பினால், "அவர் எங்கள் மாணவியே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள், கட்டணமே வாங்கவில்லை" என்று சொல்லித் தப்பிப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு! இது முன்பே தெரிந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் அவர் சொன்னாராம். நல்ல வேளை, தெரியவில்லை.

1873-ல் அங்கே பட்டம் வாங்கிய முதல் பெண் ஆனார். முனைவர் பட்டத்துக்கும் முயன்றார், கிடைக்கவில்லை. 1875-ல் அங்கே சுரங்கவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ரிச்சர்ட்ஸை மணந்து எலன் ரிச்சர்ட்ஸ் ஆனார். 1876-ல் எம்.ஐ.டி.யில் பெண்களுக்கென்று ஒரு தனிச் சோதனைச்சாலை திறக்கப்பட்டது. அதில் அவர் பாடம் நடத்தினார். பெண்களையும் ஆண்களோடு சேர்த்துப் படிக்க விட்டதும் 1883-ல் அந்தத் தனிச் சோதனைச்சாலை மூடப்பட்டது. அடுத்த வருடம் சுகாதார வேதியியலில் அவருக்கு விரிவுரையாளர் பதவி தந்தார்கள். 1911-ல் இறக்கும் வரை அதே பதவி! இத்தனைக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறு, ஏரி, கிணறுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான தண்ணீர் மாதிரிகளைச் சோதித்து, எங்கே சாக்கடை கலக்கிறது என்று கண்டுபிடிக்க உதவிய பெரிய ஆய்வை நடத்தியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

வாசல் இப்படிப் பாதி திறந்து பாதி மூடியிருக்கும்போது என்ன செய்வது? எலன் ரிச்சர்ட்ஸ் ஒரு சாமர்த்தியமான காரியம் செய்தார். பெண்களின் இடம் வீடுதான் என்று எல்லோரும் சொல்கிறார்களா? சரி, அந்த வீட்டையே சோதனைச்சாலை ஆக்கிவிடுவோம் என்று இறங்கினார். குடிக்கிற தண்ணீர், சாப்பிடுகிற ரொட்டி, சுவாசிக்கிற காற்று, துவைக்கிற சோப்பு எல்லாமே வேதியியல்தானே! 1882-ல் சமையலிலும் துப்புரவிலும் உள்ள வேதியியலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சில வருடங்களில் உணவுக் கலப்படம் பற்றி இன்னொன்று. 1890-ல் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கிச்சன் என்ற பெயரில், குறைந்த விலையில் சத்தான சாப்பாடு விற்கும் கடை ஒன்றை நடத்த உதவினார். ஆனால் புதிதாகக் குடியேறிய ஏழைத் தொழிலாளர்களுக்கு அந்தச் சாப்பாடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கலோரி சரியாக இருந்தால் போதுமா, நாக்குக்குப் பிடிக்க வேண்டாமா? விஞ்ஞானிகள் அடிக்கடி மறந்து போகிற விஷயம் இது.

1899-ம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் என்ற இடத்தில், இதே சிந்தனை கொண்ட ஒரு சிறு குழு கூடியது. இடம் கொடுத்தவர் மெல்வில் டூயி. ஆமாம், லைப்ரரியில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்களுக்குச் சொந்தக்காரரான அதே டூயி. இந்தப் படிப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசி 'ஹோம் எகனாமிக்ஸ்' என்று முடிவு செய்தார்கள். பெயரிலேயே எகனாமிக்ஸ் இருக்கிறது, கவனியுங்கள். ஆனால் டூயி முறைப்படி அடுக்கிய எந்த நூலகத்தில் போய்ப் பார்த்தாலும் பொருளாதாரம் 330-ல் இருக்கும், மனையியல் 640-ல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பல அலமாரிகள்!

ஆண்டுதோறும் கூடிக் கூடி 1908 முடியும் தருவாயில் அது அமெரிக்க மனையியல் சங்கமாக உருவெடுத்தது. முதல் தலைவர் எலன் ரிச்சர்ட்ஸ்தான்.

இதற்குப் பிறகு நடந்ததில் நல்லதும் உண்டு, வேடிக்கையும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேதியியல் துறையும் பொருளாதாரத் துறையும் பெண்களைப் பேராசிரியர்களாக எடுக்கத் தயங்கிய காலத்தில், மனையியல் துறை மட்டும் அவர்களுக்கு வேலை தந்தது, பதவி உயர்வு தந்தது, தலைமையும் தந்தது. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய ஆக்னஸ் ஃபே மார்கன் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மனையியல் துறைக்குத்தான் போனார், அங்கிருந்துதான் வைட்டமின் ஆராய்ச்சிகளைச் செய்தார்.

வேடிக்கை கார்னெல் பல்கலைக்கழகத்தில். அங்கே மாணவிகள் வீட்டு நிர்வாகம் பழகுவதற்கென்றே ஒரு வீடு இருந்தது. வீடு இருந்தால் குழந்தை வேண்டாமா? அனாதை இல்லங்களிலிருந்து கைக்குழந்தைகளைக் கொண்டு வந்து, மாணவிகள் முறை வைத்து வளர்த்தார்கள்! எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு எடை, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு. முதல் குழந்தைக்கு வைத்த பெயர் டிக்கி டோம்கான். டொமஸ்டிக் எகனாமி என்பதன் சுருக்கம்தான் அந்த டோம்கான். பிறகு வந்த குழந்தைகளுக்கும் அதே குடும்பப் பெயர்தான். சுமார் ஒரு வருடம் கழித்து அவர்களைத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். 1919 வாக்கில் தொடங்கிய இந்தப் பழக்கம் 1969 வரை தொடர்ந்தது. இன்றைக்குக் கேட்டால் பகீரென்கிறது. அன்றைக்கு அதுதான் நவீன விஞ்ஞானம். தாய்மை கூடப் பயின்று தேர்வது, ரத்தத்தில் வருவது இல்லை என்று நிரூபிக்கப் போய், குழந்தைக்கு ஒரு முகம் பழகும் முன்பே முகத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

வணிகவியல் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் இந்த வரலாற்றில் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் தேடினால் கிடைக்காத பெயர். மார்கரெட் ரீட்.

கனடாவில் 1896-ல் பிறந்த ரீட் 1921-ல் வாங்கிய பட்டம் மனையியலில். பிறகு சிகாகோவில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம். 1934-ல் வீட்டு உற்பத்தியின் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஹோட்டலில் சமைத்தால் உற்பத்தி, வீட்டில் சமைத்தால் உற்பத்தி இல்லையா? தேசிய வருமானத்தைக் கணக்கிடும்போது வீட்டுவேலையைச் சேர்ப்பதில்லை என்பது எல்லோருக்கும் முதல் வருடத்திலேயே சொல்லித் தரப்படுகிறது. ஒருவர் தன் வீட்டுச் சமையல்காரியையே திருமணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்ற பிரபலமான நகைச்சுவையும் கூடவே வரும். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ரீட் அங்கேயே நின்றார்.

வீட்டில் நடக்கும் காரியங்களில் எது வேலை, எது இல்லை என்று எப்படிப் பிரிப்பது? அதற்கு அவர் ஓர் அளவுகோல் சொன்னார். ஒரு காரியத்தைச் சம்பளம் கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்ல முடியுமானால் அது உற்பத்தி. உங்களுக்காக வேறொருவர் துணி துவைக்கலாம், ஆகவே அது உற்பத்தி. உங்களுக்காக வேறொருவர் தூங்க முடியாது, படம் பார்த்து ரசிக்க முடியாது, ஆகவே அவை உற்பத்தி இல்லை. இவ்வளவுதான். 'மூன்றாம் நபர் விதி' என்று சொல்லப்படும் இந்த அளவுகோலை, சம்பளமில்லாத வேலையை அளக்க முற்படும் ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மில்டன் ஃபிரீட்மன் 1957-ல் வெளியிட்ட நுகர்வு பற்றிய புகழ்பெற்ற நூலின் முன்னுரையில் ரீட்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். ஃபிரீட்மனுக்கு 1976-ல் நோபல் கிடைத்தது. ரீட்டை 1980-ல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் தன் சிறப்பு உறுப்பினராக்கியது. அந்தக் கௌரவம் பெற்ற முதல் பெண் அவர்தான். அப்போது அவருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கதை கொஞ்சம் வேறு மாதிரி. பெண்களைப் படிக்க அனுப்புவதே அபூர்வமாக இருந்த காலத்தில், அனைத்திந்தியப் பெண்கள் மாநாட்டின் முயற்சியால் 1932-ல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி தொடங்கியது. நம் சென்னைப் பல்கலைக்கழகமும் 1940-களின் தொடக்கத்திலேயே மனையியலில் பட்டப்படிப்பைக் கொண்டு வந்துவிட்டது. "பொண்ணு படிச்சா வீட்டுக்கு ஆக மாட்டா" என்று பயந்த பெற்றோரிடம், "இது வீட்டுக்கான படிப்புதான்" என்று சொல்ல முடிந்தது. கல்லூரிக்குள் நுழைய அந்தப் பெயரே ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி. உள்ளே போன பிறகு கையில் கொடுத்தது கரண்டி மட்டுமல்ல, பிப்பெட்டும் பியூரெட்டும்தான்.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் செங்கத்தில் 1919-ல் பிறந்த ராஜம்மாள் தேவதாஸ் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகம் வரை போய் ஊட்டச்சத்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர். தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1957-ல் கோவையில் தொடங்கிய மனையியல் கல்லூரியை வளர்த்தெடுத்தவர் அவரே. அந்தக் கல்லூரி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பள்ளிக்கூட மதிய உணவில் பிள்ளைகளுக்கு என்ன சத்து போய்ச் சேருகிறது என்று ஆராய்ந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது சமையல் படிப்பு என்றால், ஆமாம், இது சமையல் படிப்புதான்!

பரோடாவில் இன்னொரு சுவாரஸ்யம். அங்கே மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1950-ல் மனையியல் புலம் தொடங்கியபோது துணைவேந்தராக இருந்தவர் ஹன்சா மேத்தா. இவர் யார் தெரியுமா? 1948-ல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் தயாரானபோது, 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த முதல் வரியை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர். சமத்துவம் பேசிய இவரே பெண்களுக்கு மனையியலா என்று கேட்கத் தோன்றும். விஷயம் அத்தோடு முடியவில்லை. 1960-களில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வேண்டுமா என்று ஆராய அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். வேண்டாம் என்றது அந்தக் குழு. பின்னால் வந்த கோத்தாரி கமிஷனும், மனையியலை விரும்புகிறவர்கள் படிக்கட்டும், பெண்களுக்குக் கட்டாயமாக்காதீர்கள் என்றே சொன்னது.

அதாவது, அந்தப் படிப்பை உயர்த்தியவரே அதைப் பெண்களின் தலையில் கட்டுவதை ஏற்கவில்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆனது? பல ஊர்களில் பெண்கள் பள்ளியில் மட்டும்தான் அந்தப் பாடம், பெண்கள் கல்லூரியில் மட்டும்தான் அந்தத் துறை. பையன்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நுழைய உதவிய பெயரே பிறகு முத்திரையாகிவிட்டது. கார்னெல் 1969-லேயே பெயரை மனித சூழலியல் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்கச் சங்கம் 1994-ல் மாற்றியது. பரோடாவும் இப்போது குடும்ப, சமுதாய அறிவியல் புலம் என்கிறது. பெயரை மாற்றினால் கேலி நின்றுவிடுமா என்பது வேறு கேள்வி. ஊட்டச்சத்து நிபுணர், ஃபேஷன் டிசைனர் என்று தனித்தனியாகப் பிரிந்து போன பிறகு அதே பாடத்துக்கு மரியாதை கூடியிருக்கிறது என்பது மட்டும் நிஜம். வீடு என்ற சொல்தான் இடித்ததோ என்னவோ.

வீட்டின் கணக்கோ இன்னும் நேராகவில்லை. 2019-ல் இந்தியாவில் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள் என்று தெரிய வந்தது. ஆண்களில் அந்த வேலை செய்பவர்களே குறைவு, செய்பவர்களுக்கும் 97 நிமிடங்கள்தான். 1934-ல் ரீட் கேட்ட கேள்விக்கு நம் அரசாங்கம் நாடு முழுவதும் எண்ணில் பதில் சேகரிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியான மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. வீட்டில் இருக்கும் பெண் செய்யும் வேலைகளை அந்தத் தீர்ப்பு ஒவ்வொன்றாக எண்ணுகிறது. திட்டமிடும் மேலாளர், சமையற்கலைஞர், கைவைத்தியம் பார்க்கும் வீட்டு மருத்துவர், அப்புறம் வரவு செலவைப் பார்த்துச் சேமிக்கும் 'ஹோம் எகனாமிஸ்ட்'. லேக் பிளாசிட்டில் வைத்த பெயர் 124 வருடங்கள் கழித்து பாரிமுனையில் ஒரு நீதிபதியின் தீர்ப்பில் ஏறியிருக்கிறது.