கஞ்சாவா, ஹெம்ப்பா? "இண்டிகா"ங்கிற பேர் வந்த கதை

"டாக்டர், நான் அடிக்கிறது சட்டைவா. இண்டிகா இல்ல. ஒண்ணும் பண்ணாது."

ஓபியில இந்த வசனத்தைக் கேட்காத மாசமே இல்லை. சொல்றது பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பசங்க. இன்னொரு பக்கம், அடையாறு ஆர்கானிக் கடையில வாங்கின ஹெம்ப் விதைப் பாக்கெட்டுல 'கன்னாபிஸ் சட்டைவா'ன்னு அச்சடிச்சிருக்கிறதைப் பார்த்துட்டு, "இது கஞ்சாவா?"ன்னு பதறிப் போட்டோ அனுப்புறாங்க ஒரு மயிலாப்பூர் மாமி. ரெண்டு பேரையும் குழப்புறது செடியோட பேர்தான். அந்தப் பேருக்கு 270 வருஷக் கதை இருக்கு மக்களே. நம்ம கரையும் அதுல வருது.

1753-ல ஸ்வீடன்காரர் லின்னேயஸ் வச்ச பேர் கன்னாபிஸ் சட்டைவா. லத்தீன்ல சட்டைவான்னா 'பயிரிடப்படுவது', அவ்வளவுதான். நம்ம நெல்லும் ஒரைசா சட்டைவாதான்! ஐரோப்பாவுல அன்னைக்கு இது நார்ப்பயிர். ஆள் உசரத்தைத் தாண்டி வளரும், பட்டையை உரிச்சா கப்பல் கயிறும் பாய்த்துணியும் கிடைக்கும்.

அப்புறம் 1785. பாரிஸ்ல லாமார்க் (ஆமா, ஸ்கூல்ல படிச்ச ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து லாமார்க்கேதான்) கையில இந்தியாவுல இருந்து வந்த காய்ஞ்ச செடி மாதிரி ஒண்ணு இருந்தது. அனுப்பினவர் பியேர் சொனெரா. புதுச்சேரியில வாழ்ந்த பிரெஞ்சுக்காரர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கோழியோட அறிவியல் பேர்லகூட அவர் பேர் இருக்கு. லாமார்க் பார்த்த செடி குட்டை, கிளை அதிகம், தண்டு கெட்டி, இலை குறுகல். நார் உரிக்க ஆகாது, போதை தரும். "இது வேற இனம்"னு சொல்லி கன்னாபிஸ் இண்டிகான்னு பேர் வச்சார். இண்டிகான்னா இந்தியாவைச் சேர்ந்ததுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒண்ணும் இல்லை.

கூத்து இனிமேதான். 1970-கள்ல ஹார்வர்டு தாவரவியலாளர் ஷூல்டெஸ் ஆப்கானிஸ்தான்ல பார்த்த குட்டையான, அகல இலைச் செடியை இண்டிகான்னு அடையாளம் காட்டினார். சந்தை அதையே பிடிச்சுக்கிச்சு. அகல இலை இண்டிகா, ஒல்லி இலை சட்டைவா. ஆனா லாமார்க் பார்த்த இந்தியச் செடி ஒல்லி இலை! அதாவது அசல் இண்டிகாவுக்கு இன்னைக்குத் தெருவுல பேர் சட்டைவா. தம்பி, நீ நம்பிட்டு இருக்கிற லேபிள் தலைகீழா ஒட்டினது.

ரெண்டும் வேற இனமான்னு 1893-லயே ஒருத்தர் வயல்ல இறங்கிப் பார்த்தார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்து டேவிட் பிரெய்ன். ஐரோப்பியச் செடியும் இந்தியச் செடியும் ஒரே இனம்தான்னு எழுதினார். அவர் விவரிச்ச வங்காளத்து நவகாவ் சாகுபடி படிக்கவே சுவாரஸ்யம். இந்தச் செடியில பப்பாளி மாதிரி ஆண் தனி, பெண் தனி. பிசின் சுரக்கிறது முக்கியமா பெண் பூவுல. மகரந்தம் பட்டா விதை பிடிச்சிடும், பிசின் குறையும். அதனால பூக்கிறதுக்கு முன்னாடியே ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்கணும். அதுக்குன்னே ஒரு நிபுணரைக் கூப்பிடுவாங்க. ஆங்கில ஆவணங்கள்ல அவருக்குப் பேர் 'கஞ்சா டாக்டர்'. நல்லவேளை, எங்க கவுன்சில்ல பதிவு இல்லை.

நார்ப்பயிரை நெருக்கி விதைச்சா கிளை விடாம நெட்டையா போகும். ஆனா வளர்ப்பு மட்டும் காரணம் இல்லை, மரபணுவும்தான். சிபிஜிஏன்னு ஒரு மூலப்பொருள். ஒரு நொதி அதை போதை தரும் டிஎச்சி பக்கம் திருப்பும், இன்னொரு நொதி போதை தராத சிபிடி பக்கம். எது ஓங்கியிருக்குன்னு இலை அகலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1976-ல ஸ்மால், குரோன்குவிஸ்ட் ரெண்டு பேரும் 0.3 சதவீத டிஎச்சியில கோடு போட்டாங்க, அதுக்குக் கீழே ஹெம்ப்னு. பல நாட்டுச் சட்டத்துல இன்னைக்கு அதே எண். செடிக்குள்ள அப்படி ஒரு மதில் கிடையாது, நாம போட்டுக்கிட்ட கோடு.

இதுல நம்ம ஊர் பேரும் மாட்டிக்கிச்சு. அந்தக் கால நார் வியாபாரத்துல 'மெட்ராஸ் ஹெம்ப்'னு ஒண்ணு உண்டு. அது கஞ்சா இல்லைங்க, சணப்பு! நெல்லுக்கு முன்னாடி விதைச்சு மடக்கி உழுவாங்களே, அதே பசுந்தாள் உரப் பயிர். பயறு, உளுந்தோட சொந்தக்காரன். சாக்கு தைக்கிற சணல் இன்னொரு செடி. வெள்ளைக்காரன் கயிறு திரிக்க முடிஞ்ச எல்லாத்தையும் ஹெம்ப்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

1985-ம் வருஷ என்டிபிஎஸ் சட்டம் இந்தச் சண்டைக்கே போகலை. கன்னாபிஸ் பேரினத்துல எந்தச் செடியானாலும் கஞ்சாச் செடிதான். அதோட பூக்கும், காய்க்கும் நுனிதான் கஞ்சா. நுனியோட சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்கு வெளியே. 20 கிலோவுக்கு மேல பிடிபட்டா குறைஞ்சது 10 வருஷம் உள்ள. "சார், இது சட்டைவா"ன்னு கோர்ட்ல சொன்னா எடுபடாது.

மாமிக்கு: விதையில புரதமும் எண்ணெயும்தான். 2021-ல எஃப்எஸ்எஸ்ஏஐ உணவா அனுமதிச்சாச்சு. லைசென்ஸ் நம்பர் பார்த்து வாங்குங்க, தாராளமா தயிர்ல போட்டுச் சாப்பிடுங்க.

தம்பிக்கு: நான் ஓபியில கேட்கிறது எந்த வகைன்னு இல்லை. எத்தனை வயசுல ஆரம்பிச்சே, வாரத்துல எத்தனை நாள், வீட்டுல யாருக்காவது மனநோய் இருந்திருக்கா, காதுல குரல் கேட்குதா, யாரோ பின்தொடர்ற மாதிரி இருக்கா? கடைசி ரெண்டுல ஒண்ணுக்கு 'ஆமா'ன்னா அன்னைக்கே மனநல ஓபிக்கு வா. நேர்ல வரத் தயக்கமா இருந்தா டெலி மானஸ் 14416. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க.