பழைய பத்திரிகைப் புதினங்கள்

கல்முனைச் சந்தையிலே ஒரு சுருள் கச்சான் வாங்கினால் நமக்கு இரண்டு இலாபம். கச்சான் தீர்ந்த பின்பு சுருளைப் பிரித்து வாசிக்கலாம். தலையும் வாலும் கிழிந்துபோன செய்தியாயினும் அதை வாசிக்காமல் எறிய மனம் வருவதில்லை. பழைய பத்திரிகைக்கு அப்படியொரு கவர்ச்சி உண்டு. அன்று ஊரைக் கலக்கிய சங்கதி இன்று சிரிப்பை மூட்டுகின்றது. அத்தகைய புதினங்கள் சிலவற்றை இம்மலரின் வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம். அவற்றிற் சிரிப்பதற்கு மட்டுமன்றிச் சிந்திப்பதற்கும் இடமுண்டு.

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகையின் வரலாறு நெடியது. 1841ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிமார் 'உதயதாரகை'யைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டனர். 1882இல் கண்டியிலிருந்து சித்திலெவ்வை அவர்கள் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1889இல் யாழ்ப்பாணத்துச் சைவபரிபாலன சபையார் 'இந்து சாதன'த்தை ஆரம்பித்தனர். சமயம் மூன்று, மொழி ஒன்று. கோயில் மணியும் பாங்கொலியும் ஒரே காற்றில் வந்து சேரும் எம்மூரவர்க்கு இஃது ஒரு புதுமையன்று.

இனி, புதினங்களுக்கு வருவோம். முதலாவது, கடல் கடந்த கதை. 1835ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியூயோர்க் நகரத்து 'சன்' பத்திரிகை ஒரு தொடர் கட்டுரையை வெளியிட்டது. ஜோன் ஹேர்ஷல் என்னும் வானநூல் அறிஞர் நன்னம்பிக்கை முனையிலிருந்து பெரியதொரு தொலைநோக்கியால் சந்திரனைப் பார்த்தாராம். அங்கே காடுகள் உண்டாம். ஒற்றைக் கொம்பு விலங்குகள் உண்டாம். வௌவாலைப் போலச் சிறகு முளைத்த மனிதரும் உண்டாம்! ஜனங்கள் பத்திரிகையைப் போட்டி போட்டு வாங்கினர். ஹேர்ஷல் அப்போது அம்முனையில் இருந்தது மெய், மற்றவையெல்லாம் கற்பனை. செய்யாத ஆராய்ச்சியைப் பற்றிப் பலரும் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லி அந்த அறிஞர் சலித்துப் போனார்.

இரண்டாவது, வால்வெள்ளிக் கதை. 1910ஆம் ஆண்டு ஹலியின் வால்வெள்ளி தோன்றியது. அதன் வாலிலே நச்சு வாயு இருப்பதாக அறிஞர் கண்டறிந்தனர், அதில் தவறில்லை. ஆனால், பூமி அந்த வாலினூடே செல்லும்போது உயிர்களெல்லாம் மாண்டுபோகக் கூடும் என்ற அச்சம் பத்திரிகைகள் வாயிலாகப் பரவியது. வால் மிக மெல்லியது, அதனால் தீங்கில்லை என்று வேறு அறிஞர் எடுத்துச் சொன்னதைக் கேட்பாரில்லை. 'வால்வெள்ளி மாத்திரை' விற்றவர்கள் காசு சேர்த்தார்கள். மே மாதத்தில் அந்த நாளும் வந்தது, போனது. ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

மூன்றாவது, அவசரத்தின் கதை. 1948 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அச்சுத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் காரணமாகச் 'சிக்காகோ ரிபியூன்' பத்திரிகை வழமையிலும் முந்தி அச்சேற வேண்டியிருந்தது. முடிவு தெரியுமுன்னரே, ட்ரூமனை டூவி தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு விட்டார்கள். வென்றவரோ ட்ரூமன்! அவர் அந்தப் பத்திரிகையை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் உலகப் பிரசித்தமானது.

அப்படியானால், நம்புதற்கரிய செய்தியெல்லாம் பொய்யென்று தள்ளிவிடலாமா? அதுவும் ஆகாது. ஒரு தொப்பி இந்நாட்டு நீதிமன்றத்தைக் கலக்கியது என்றால் இன்று யார் நம்புவார்? ஆனால் அது மெய். 1905ஆம் ஆண்டில் முஸ்லிம் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் அவர்கள் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்திலே தோன்றியதைப் பிரதம நீதியரசர் லேயாட் ஆட்சேபித்தார். அவ்வாண்டின் கடைசி நாளில் கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம் மக்கள் பெருங்கூட்டங்கூடிக் கண்டனந் தெரிவித்தனர். பின்னர் அத்தடை நீங்கியது. கேட்டவுடன் சிரிப்பு வருகின்றதா என்பதைக் கொண்டு மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய முடியாது என்பதற்கு இதுவே சான்று.

கறுப்பாகச் சத்தி எடுத்த ஒருவனைப் பற்றிய நாட்டுக் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். முதல்வன், காகம் போலக் கறுப்பாக எடுத்தான் என்றான். அடுத்தவன், காகமாகவே எடுத்தான் என்றான். மூன்றாமவன், காகங்கள் கூட்டமாய்ப் பறந்து போயின என்றான்! இதுகாறும் நாம் கண்ட புதினங்களால் உயிருக்கு மோசம் வரவில்லை, ஆகையால் சிரித்தோம். ஆனால் எங்கள் மாவட்டத்திலேயே காகம் பறந்த இரவொன்று உண்டு. அதை நினைத்தால் சிரிப்பு வராது.

2018 பெப்ரவரி 26ஆந் தேதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்திலே உணவில் மலட்டு மருந்து கலந்திருப்பதாக ஒரு வதந்தி எழுந்தது. கைத்தொலைபேசிகளில் அது காட்டுத்தீயாய்ப் பரவியது. அந்த இரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அவ்வுணவைச் சோதித்தார். அதில் மருந்தேதும் இல்லை. இருந்தது வெறும் மாக்கட்டி. மெய் வந்து சேருமுன் பொய் தன் வேலையை முடித்துவிட்டது.

பழைய பத்திரிகையின் பொய்க்குத் தேதி இருந்தது. அச்சிட்டவர் பெயர் இருந்தது. மறுநாள் போய்க் கேட்க ஒரு வாசற்படி இருந்தது. ட்ரூமன் தூக்கிக் காட்ட ஒரு தாளாவது இருந்தது! கைத்தொலைபேசியில் வரும் வதந்திக்கு ஊருமில்லை, பேருமில்லை. ஆகவே, பத்திராதிபர் செய்ய வேண்டிய வேலை இப்போது நம் ஒவ்வொருவர் தலையிலும் விழுந்திருக்கின்றது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 'இராமகிருஷ்ண விஜயம்', 'பிரபுத்த பாரதம்' ஆகிய இதழ்களுக்கு ஆசிரியராயிருந்தவர். அவர் பிறந்த கரையிலே பிறந்த நமக்கு இது முடியாத காரியமன்று.

இளைஞர்காள்! நள்ளிரவில் ஒரு செய்தி வந்தால், அதைப் பத்துப் பேருக்கு அனுப்புமுன் ஒருவரிடம் விசாரியுங்கள். சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ நமக்கொரு நண்பன் இல்லாமற் போகமாட்டான்; பாண்டிருப்பிலும் காரைதீவிலும் அவனுக்கும் நண்பர் உண்டு. அப்படி விசாரித்து வாழ்ந்தால், நாளை நம் பேரப்பிள்ளைகள் கச்சான் சுருளைப் பிரிக்கும்போது நம்மைப் பற்றியும் ஏதேனும் வேடிக்கையை வாசித்துச் சிரிக்கட்டும். அழும்படியாக அதில் எதுவும் இருக்கலாகாது.