பசலியும் நோன்பும்

நிலம் உள்ள குடும்பத்துல பிறந்தவங்க அடங்கல்ல 'பசலி'ங்கிற சொல்லைப் பாத்திருப்பீங்க. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. அதே மாசம் பள்ளிவாசல் காலண்டரில் பிறந்தது ஹிஜ்ரி 1446. ரெண்டும் ஒரே எண்ணில் கிளம்பின கணக்குதான்.

ஹிஜ்ரி வருஷம் பிறையை வச்சு ஓடுது, 354 நாள். சூரிய வருஷத்துக்கு 11 நாள் குறைவு. அந்தக் கணக்குல வரி கேட்டா, போகப்போக அறுப்புக்கு முன்னாலயே வரிக்காரன் வந்து நிப்பான். அதனால முகலாயர்கள் வரிக்குன்னு தனியா ஒரு சூரிய வருஷம் வச்சாங்க. பசல்னா வெள்ளாமை. வடக்கே அக்பர் தொடங்கினது, தக்காணத்துக்கு ஷாஜகான் காலத்தில், ஹிஜ்ரி 1046ல் (1636) வந்தது. நம்ம அடங்கல்ல இன்னைக்கும் ஏறுறது அதுதான்.

வரி வெள்ளாமையோட நின்னுடுச்சு. நோன்பை யாரும் கட்டிப்போடல. இஸ்லாத்துக்கு முன்னாடி அரபுகள் அப்பப்ப ஒரு மாசம் கூட்டி, பருவத்தோட ஒட்ட வச்சாங்க. குர்ஆன் அதை விலக்கிடுச்சு. அதுலேருந்து ரமலான் வருஷம் 10, 11 நாள் முன்னால வந்து, சுமார் 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் சுத்திடுது. ஒருத்தனுக்கு எப்பவும் கோடை, இன்னொருத்தனுக்கு எப்பவும் குளிர்னு இல்ல. சம்சாரி மனசுக்கு இது நியாயமாத்தான் படுது.

எங்க பக்கத்து வயல் பாய் 1998 பொங்கலப்போ நோன்போட நெல் அறுத்தார். 2018ல் நோன்பு கத்திரி வெயில்ல வந்து விழுந்துச்சு. சஹர் சாப்பிட்டு, தொழுதுட்டு, நேரா எள்ளுக்காட்டுக்கு வருவார். வெயில் ஏறுமுன்ன கரையேறிடுவார். நம்ம பக்கம் எந்தப் பருவத்திலும் நோன்பு 13, 14 மணி நேரம்தான். படுத்துறது வெயிலும் தாகமும்.

பகலே நீளுற ஊர்ல சோதனை வேற மாதிரி. பாக்தாத்திலிருந்து 922ல் வோல்கா ஆற்றங்கரைக்குத் தூது போன இப்னு ஃபத்லான், இரவுத் தொழுகைக்குப் பாங்கு எப்ப வரும்னு காத்திருந்தாராம். வந்தது விடியல் பாங்கு! அங்க இரவுத் தொழுகையை அந்தித் தொழுகையோட சேர்த்தே முடிச்சிருக்காங்க. விடியல் தப்பிடுமோன்னு பாங்கு சொல்றவர் ஒரு மாசமா தூங்கலையாம்.

இன்னும் வடக்கே, நார்வேயின் டிராம்சோவில், மே கடைசியிலேருந்து ஜூலை பாதி தாண்டியும் சூரியன் மறையாது. நோன்பு எப்பத் திறக்கிறது? அங்க பலர் மக்கா நேரத்தைப் பாத்துத் திறக்கிறாங்க. சூரியன் மறையுற பக்கத்து ஊர் நேரத்தை எடுத்துக்கலாம்னு சொல்ற ஆலிம்களும் உண்டு.

2030ல் நோன்பு மறுபடி பொங்கலுக்கு வருது. அதே வருஷம் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமலானும் பிறக்கும். டிராம்சோவில் அப்போ சூரியனே எழாது. அப்பவும் மக்கா நேரம்தான்.