கல்லை நகர்த்தியவர்களும் சிலையானவர்களும்

இத்தாலியக் கலை மறுமலர்ச்சி வரலாற்றில் 1504 ஒளிமிகுந்த ஆண்டு. மைக்கேலாஞ்சலோ தாவீதின் சலவைக்கற் சிலையைச் செதுக்கி முடித்த ஆண்டு அது. சிலையை எங்கே நிறுவலாம் என்று ஆராய, அவ்வாண்டு சனவரி 25ஆம் நாள் பிளாரன்சு நகரில் கூடிய குழுவில் லியோனார்டோ டா வின்சியும் பொட்டிசெல்லியும் இருந்தனர். மே மாதத்தில், நாற்பதுக்கும் மேற்பட்டோர் நான்கு நாட்கள் பாடுபட்டு அச்சிலையை அரண்மனை வாயிலுக்கு நகர்த்தினர். கலைஞர்களின் பெயர்களை உலகம் அறியும். இழுத்தவர்களின் பெயர்களை யார் அறிவார்?

நம் சென்னைக்கும் அத்தகைய ஓர் ஆண்டு உண்டு, அது 1959. அதே சனவரி 25ஆம் நாளில் மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலை திறந்து வைக்கப்பெற்றது. அதனை வடித்தவர் வங்கத்துக் கலைஞர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் முதல்வராக விளங்கிய அவர், அப்பதவியேற்ற முதல் இந்தியர். அவர் வடித்தது மன்னரையன்று, தளபதியையன்று; பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளரை. 1923இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய நகரத்திற்கு அது பொருத்தமே.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் நம் பெற்றோர் வயலிலும் சூளையிலும் ஆலையிலும் சுமந்த சுமையை அந்நால்வரின் தோள்களில் காண்கிறோம். எனினும், சிலையாதல் மட்டும் போதாது. கல்லை இழுத்தவரின் பிள்ளைகள் உளியும் எழுதுகோலும் ஏந்த வேண்டும். எதனை எங்கே நிறுவுவது என்று முடிவு செய்யும் அவையிலும் அமர வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஆற்றிவரும் கல்விப் பணியின் நோக்கம் அதுவே.