அரசமைப்பு அறநெறி: ஏதென்ஸிலிருந்து தில்லிக்கு வந்த ஒரு சொற்றொடர்

1948 நவம்பர் 4 அன்று, தில்லியில் இன்று சம்விதான் சதன் என்று அழைக்கப்படும் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில், வரைவுக்குழுத் தலைவர் அம்பேத்கர் அரசமைப்புச் சட்ட வரைவை அரசியல் நிர்ணய சபையின் முன் வைத்துப் பேசினார். வரைவின்மீது அப்போது எழுந்திருந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று, 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலிருந்து பெரும்பகுதி அப்படியே எடுத்தாளப்பட்டுள்ளது என்பது. நிர்வாகம் எவ்வாறு நடைபெற வேண்டும் என்னும் நுணுக்கங்கள் அரசமைப்பில் ஏன் இடம்பெற வேண்டும்? அவற்றைச் சட்டமன்றங்களிடம் விட்டுவிடலாகாதா? இவ்வினாவுக்கு விடை கூறும்போது அம்பேத்கர் துணைக்கு அழைத்தது ஒரு சட்ட அறிஞரை அன்று. கிரேக்க வரலாற்றாசிரியரான ஜார்ஜ் குரோட்டை. ‘கான்ஸ்டிடியூஷனல் மொராலிட்டி’ என்னும் சொற்றொடர் இந்திய அரசியல் சொற்களஞ்சியத்தில் நிலைபெற்றது அந்த உரையின் வழியாகத்தான். தமிழில் அது ‘அரசமைப்பு அறநெறி’ என வழங்குகிறது.

குரோட் தொழிலால் வங்கியாளர். 1832 முதல் 1841 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, இரகசிய வாக்கெடுப்புக்காக வாதாடியவர். பதவியை விட்டபின் அவர் எழுதிய கிரேக்க வரலாறு 1846 முதல் 1856 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஏதென்ஸின் மக்களாட்சியைக் கும்பலாட்சி என்று இகழ்ந்துவந்த ஐரோப்பிய மரபுக்கு எதிராக எழுதப்பட்ட நூல் அது. கி.மு. 508–507இல் கிளைஸ்தனிஸ் செய்த சீர்திருத்தங்களை விளக்கும் இடத்தில்தான் குரோட் அரசமைப்பு அறநெறியைப் பற்றிப் பேசுகிறார். அவர் கருத்தில் அது நான்கு கூறுகளைக் கொண்டது. அரசமைப்பு வகுத்த நடைமுறைகளின்மீது மிக உயர்ந்த மதிப்பு. அந்நடைமுறைகளின்படி செயல்படும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல். அதே அதிகாரத்தைத் தயக்கமின்றிக் கண்டிக்கும் உரிமை. எதிரணியினரும் அதே நடைமுறைகளைத் தம்மளவுக்கே மதிப்பர் என்னும் நம்பிக்கை. இவற்றுள் நான்காவதே மிகக் கடினமானது. முதல் மூன்றும் ஒருவர் தாமே கைக்கொள்ளக்கூடியவை. நான்காவது, தாம் வெறுக்கும் ஒருவரின்மீது வைக்க வேண்டிய நம்பிக்கை.

குரோட் இக்கருத்தை முன்வைக்கும் சூழல் கவனத்துக்குரியது. ஓட்டாஞ்சில்லில் பெயர் பொறித்து ஒருவரைப் பத்தாண்டுகள் நாடு கடத்தும் ஏதென்ஸின் வழக்கத்துக்கு அவர் நியாயம் கற்பிக்க முயல்கிறார். இவ்வாக்கெடுப்பில் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. 6,000 பேர் கூடி வாக்களித்தால் போதும். கொடுமையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை, அறநெறி இன்னும் வேரூன்றாத ஓர் இளம் மக்களாட்சி தன்னைக் காத்துக்கொள்ள இட்ட வேலியாகக் குரோட் காண்கிறார். வலிமைமிக்க ஒரு தலைவர் ஆட்சியைக் கைப்பற்றாமல் தடுக்க அன்று அது தேவைப்பட்டது. அறநெறி பரவியபின் அவ்வழக்கம் தானே வழக்கொழிந்தது என்பது அவருடைய வாதம்.

அம்பேத்கரின் வாதமும் இதே அமைப்புடையது. அரசமைப்பு அறநெறி மக்களிடம் நிறைந்துள்ள நாட்டில் நிர்வாக நுணுக்கங்களை அரசமைப்பில் எழுத வேண்டிய தேவையில்லை. இந்தியாவில் அது இன்னும் பரவவில்லை. அரசமைப்பின் வடிவத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், நிர்வாகத்தின் வடிவத்தை மட்டும் மாற்றி அதன் உயிரைப் போக்கிவிட முடியும். ஆகவே நுணுக்கங்களும் எழுதப்பட வேண்டும். இந்திய மண் இயல்பில் மக்களாட்சித் தன்மையற்றது, மக்களாட்சி அதன்மேல் இடப்பட்ட மேலுரம் மட்டுமே என்ற பொருளில் அவர் கூறியதும் இவ்விடத்தில்தான். ஏதென்ஸுக்கு ஓட்டாஞ்சில்லு எவ்வாறோ, இந்தியாவுக்கு நீண்ட அரசமைப்பு அவ்வாறு. எனவே குரோட்டின் மேற்கோள் உரைக்கு அணி சேர்க்க வந்ததன்று. வாதத்தின் அச்சே அதுதான்.

இந்த அறநெறி மனிதரிடம் இயல்பாகத் தோன்றும் உணர்வன்று, பயிற்சியால் வளர்க்கப்பட வேண்டியது என்றும் அம்பேத்கர் கூறினார். அரிஸ்டாட்டிலின் மாணவர்களுக்கு இது பழகிய சிந்தனை. ஒழுக்கப் பண்புகள் இயற்கையால் வருவனவல்ல, பழக்கத்தால் வருவன என்பது நிக்கோமாக்கியன் அறவியலின் இரண்டாம் நூலில் அவர் நிறுவும் கருத்து. அரசியல் பற்றிய நூலில் அவர் இதை அரசமைப்புக்கும் நீட்டிக்கிறார்: குடிமக்கள் அரசமைப்பின் தன்மைக்கேற்பப் பழக்கப்படாவிடின் மிகச் சிறந்த சட்டங்களாலும் பயனில்லை. அம்பேத்கர் அந்த உரையில் அரிஸ்டாட்டிலை இதற்குச் சான்று காட்டவில்லை. ஆயினும் இரு சிந்தனைகளும் ஒரே தடத்தில் செல்கின்றன.

இதனால் அம்பேத்கரைக் கிரேக்க வழிபாட்டாளர் என எண்ணுவது பிழை. 1936இல் வெளியான சாதி ஒழிப்பு பற்றிய நூலில், மக்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்த பிளேட்டோவை அவர் நால்வருணக் கோட்பாட்டோடு சேர்த்தே மறுத்தார். மனிதரின் வேறுபாடுகள் எண்ணற்றவை. சில பெட்டிகளுக்குள் அவை அடங்கா என்பது அவர் மறுப்பின் சாரம். கிரேக்கத்திலிருந்து எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதில் அவருக்கு ஓர் அளவுகோல் இருந்தது. பிறப்புவழிக் குழுக்களை நிலைநிறுத்துவது விலக்கப்பட்டது, உடைப்பது ஏற்கப்பட்டது. கிளைஸ்தனிஸ் செய்ததும் இத்தகையதே. பழைய நான்கு குலங்களின் இடத்தில், நகரம், கடற்கரை, உள்நாடு ஆகிய மூன்று பகுதிகளின் மக்களையும் கலந்து பத்துப் புதிய பிரிவுகளை அவர் உருவாக்கினார். குடிமகனின் அரசியல் அடையாளம் குலத்திலிருந்து ஊருக்கு மாறியது. பெண்களும் அடிமைகளும் குடியேறிகளும் அதற்கு வெளியே நின்றனர் என்பதையும் மறக்கலாகாது. உத்திரமேரூரின் குடவோலை முறையைப் பெருமையோடு எடுத்துக்காட்டுவோர், நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடையோர்க்கே அது உரியதாக இருந்தது என்பதையும் சேர்த்தே கூற வேண்டியிருப்பதைப் போன்றதுதான் இது.

1948க்குப் பின் இச்சொற்றொடர் நெடுங்காலம் பெரிதும் பேசப்படாமல் இருந்தது. 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் அது புத்துயிர் பெற்றது. நாஸ் அறக்கட்டளை வழக்கில் நீதிபதிகள் ஏ.பி. ஷா, எஸ். முரளிதர் ஆகியோர், வயதுவந்தோர் தம் விருப்பத்தின்பேரில் தனிமையில் கொள்ளும் ஒருபாலுறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தனர். பெரும்பான்மையோரின் ஒழுக்க உணர்வு தனிமனித உரிமையைக் கட்டுப்படுத்தக் காரணமாகாது. அரசுக்குரிய அறநெறி ஒன்று உண்டெனில் அது அரசமைப்பு அறநெறியே என்றது தீர்ப்பு. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இதைப் புரட்டியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐவர் அமர்வு மீண்டும் நாஸ் தீர்ப்பின் பக்கம் நின்றது. அதே மாதம் 28ஆம் நாள் வந்த சபரிமலைத் தீர்ப்பிலும் இச்சொற்றொடர் மையமாயிற்று. பல சமயங்கள் வாழும் நாட்டில் நம்பிக்கையாளரின் வழக்கங்களை மதிப்பதும் அரசமைப்பு அறநெறியே என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில், அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் இக்கோட்பாட்டை அபாயகரமானது எனப் பொதுமேடையிலேயே விமரிசித்தார்.

ஒரே சொற்றொடரை இத்தனை பேர் இத்தனை விதமாக ஆள்வதன் காரணத்தைத் தமிழ் இலக்கணம் எளிதில் காட்டிவிடும். ‘அரசமைப்பு அறநெறி’ உருபும் பயனும் உடன்தொக்க தொகை. மறைந்துள்ள உருபு எது என்பதே வழக்கு. குரோட்டின் ஆட்சியில் அது நான்காம் வேற்றுமை: அரசமைப்பிற்குச் செலுத்தும் அறநெறி. நடைமுறைகளின்மீதான பற்றுறுதி என்பதே அதன் பொருள். 2009க்குப் பிந்தைய தீர்ப்புகளில் அது ஐந்தாம் வேற்றுமை: அரசமைப்பிலிருந்து பெறும் அறநெறி. சமத்துவம், கண்ணியம், தன்னுரிமை ஆகிய விழுமியங்களின் தொகுப்பே இங்குப் பொருள். முதற்பொருள் ஆட்சியாளரையும் குடிமக்களையும் நோக்கிப் பேசுகிறது. இரண்டாம் பொருள் நீதிபதியின் கையில் ஓர் அளவுகோலாகிறது. நீதிமன்றங்கள் அம்பேத்கரை மேற்கோள் காட்டியே இரண்டாம் பொருளுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் 1948 உரையில் அவர் எடுத்துக்கொண்டது பெரிதும் முதற்பொருளையே.

முதற்பொருள் மறைந்துவிடவுமில்லை. 2018 ஜூலை 4 அன்று, தில்லி அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையிலான அதிகார வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசமைப்பு அறநெறியைப் பற்றி விரிவாகப் பேசியது. அங்கு வினா விழுமியம் பற்றியதன்று. 239ஏஏ பிரிவு வகுத்த நடைமுறையை அதன் உணர்வோடு கடைப்பிடிப்பது பற்றியது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக, தில்லி அரசுப் பணியாளர்கள்மீதான அதிகாரம் குறித்து 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லி அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எட்டு நாள்களில் ஒன்றிய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஆகஸ்டில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. இவையனைத்தும் அரசமைப்பின் சொற்கள் ஒன்றும் மாறாமலே நிகழ்ந்தன. நிர்வாகத்தின் வடிவத்தைப் பற்றி 1948இல் விடுக்கப்பட்ட எச்சரிக்கையை இந்நிகழ்வுகளோடு ஒப்பிட்டுப் படிப்பது அரசியல் மாணவர் எவர்க்கும் பயன் தரும்.

இவ்விரு பொருள்களுள் ஒன்றே போதும் எனத் துணிய முடியுமா? சாக்ரடீஸின் வாழ்விலிருந்தே இதற்கு விடை தேடலாம். கி.மு. 406இல், ஆர்கினூசே கடற்போரில் வென்றும் மூழ்கிய கப்பல்களின் வீரர்களை மீட்கத் தவறிய தளபதிகளை, தனித்தனியே விசாரிக்காமல் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க மக்களவை முனைந்தது. மக்கள் விரும்புவதைத் தடுப்பது கொடுமை எனக் கூட்டம் கூச்சலிட்டது. அவையை நடத்தும் குழுவின் ஏனையோர் மிரட்டலுக்குப் பணிந்தனர். சட்டத்துக்குப் புறம்பானதற்கு உடன்பட மறுத்தவர் சாக்ரடீஸ் ஒருவரே. தளபதிகள் அறுவர் கொல்லப்பட்டனர்; ஏதென்ஸ் பின்னர் வருந்தியது. இங்கே முறிந்தது முதற்பொருள். ஏழாண்டுகள் கழித்து, கி.மு. 399இல், சாக்ரடீஸே குற்றவாளிக் கூண்டில் நின்றார். இம்முறை முறையான குற்றச்சாட்டு, சுமார் 500 நடுவர், இரு தரப்புக்கும் பேச நேரம், குற்றத்துக்கும் தண்டனைக்கும் தனித்தனி வாக்கெடுப்பு ஆகிய அனைத்தும் இருந்தன. நடைமுறையில் குறையில்லை, அநீதி நிகழ்ந்தது. இங்கே இல்லாமற்போனது இரண்டாம் பொருள். பெரும்பான்மையின் வாக்கால் தொட முடியாத உரிமை ஒன்று தனிமனிதருக்கு உண்டு என்னும் கருத்து ஏதென்ஸின் சட்டத்தில் இடம்பெறவில்லை.

இரு பொருள்களையும் ஒருங்கே வேண்டும் ஒரு குடியரசுக்கு எஞ்சியிருப்பது அரிஸ்டாட்டிலின் வினா: இப்பழக்கம் எங்கே பயிலப்படும்? 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய நிறைவுரையில் அம்பேத்கர், குரோட்டின் நண்பரான ஜான் ஸ்டூவர்ட் மில்லை நினைவூட்டி, அரசியலில் தனிமனித வழிபாடு சர்வாதிகாரத்துக்கு இட்டுச்செல்லும் என எச்சரித்தார். அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாட்டோடு நாடு அடியெடுத்து வைப்பதாகவும் கூறினார். தீர்ப்புகளால் இம்முரண்பாட்டைச் சுட்ட இயலும். பழக்கத்தை ஏற்படுத்த இயலாது. மகளின் மணத் தெரிவை மதிக்காத வீட்டிலும், தலைவரை மறுத்துப் பேச இடமில்லாத கட்சியிலும், நெறியாளரிடம் மாற்றுக் கருத்துரைக்க மாணவர் அஞ்சும் ஆய்வுத் துறையிலும் வளர்ந்த ஒருவர், வாக்குச்சாவடியில் மட்டும் அரசமைப்பு அறநெறி உடையவராக மாறிவிடுவார் என எதிர்பார்க்க அரிஸ்டாட்டிலிடமும் ஆதாரமில்லை, அம்பேத்கரிடமும் இல்லை.