அரிது என்பதால் மட்டுமா விலை?

மறுநாள் பொட்டலம் கட்டப்படும் தாள்களிலேயே வாழ்நாளெல்லாம் எழுதியவன் நான். ஆகவே, எறியப்பட்ட கடதாசி பொக்கிஷமாகும் கதைகள் என்னை ஈர்ப்பதுண்டு.

1909 முதல் 1911 வரை அமெரிக்கச் சிகரெட் பெட்டிகளில் பேஸ்போல் வீரர்களின் பட அட்டைகள் வைக்கப்பட்டன. ஹோனஸ் வாக்னரின் அட்டை விரைவிலேயே நிறுத்தப்பட்டது. எஞ்சியவை சுமார் அறுபதே. 2022 ஓகஸ்டில் ஒன்று 72.5 இலட்சம் டொலருக்கு விலைபோனது.

அதே மாதம் மிக்கி மான்டிலின் 1952 ஆம் ஆண்டு அட்டையொன்று 126 இலட்சம் டொலரை எட்டியது. அவ்வகை அட்டைகளோ ஆயிரத்துக்கும் மேல் உள்ளன! ஆனால், பழுதுபடாத பிரதி அரிது. சிறுபராயத்தில் அவரை ஆராதித்தவர்களில் பலர் பிற்காலத்தில் செல்வந்தராகியும் இருந்தனர்.

1980களின் இறுதியில் ஏராளமாக அச்சிடப்பட்ட அட்டைகளை, நாளை விலையேறுமென்று பலரும் பத்திரப்படுத்தினர். அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு இன்று மதிப்பில்லை. எல்லோரும் பாதுகாத்தால் எதுவும் அரிதாவதில்லை.