எட்டு டாலர் பயணிகள்

வங்கியின் அந்நியச் செலாவணிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஊரில் யார் யார் எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்பது டிராவல் ஏஜென்டுக்கு அடுத்தபடி நமக்குத்தான் தெரியும். நான் வேலை பார்க்கும் புனேயில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "தனியாத்தான் சார் போறேன், எவ்வளவு டாலர் எடுத்துட்டுப் போகலாம்?" கேட்பவர்களில் இருபத்தைந்து வயதுப் பெண்களும் உண்டு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியைகளும் உண்டு.

பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு தேவைப்படும் என்பது ஒன்று, எவ்வளவுக்கு அனுமதி என்பது இன்னொன்று. நம் அப்பா, பெரியப்பா காலத்தில் இரண்டாவதற்குக் கிடைத்த பதிலில் முதல் கேள்வியே அடிபட்டுப் போய்விட்டது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.காம். பட்டதாரி. கணக்கு வழியாகப் போனால் எனக்குக் கொஞ்சம் புரியும்.

முதலில் ஒரு பழைய பட்ஜெட்டைப் பார்ப்போம்.

1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறினார் பத்தொன்பது வயது நிறையாத மோகன்தாஸ் காந்தி. கடல் தாண்டக் கூடாது என்று சாதிக்கூட்டம் போட்டுத் தடுத்தார்கள். அவருக்கு உதவுபவர்களுக்கும் வழியனுப்பப் போகிறவர்களுக்கும் அபராதம், ஒரு ரூபாய் நாலணா. பயணத்துக்கான பணம் மைத்துனரிடம் இருந்தது. சாதிக்குப் பயந்து அவர் தர மறுத்துவிட்டார். கடைசியில் குடும்ப நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். அதை அண்ணனிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அனுமதி, நிதி, உத்தரவாதம் என்று இன்று நாங்கள் கோப்பில் தேடுவதெல்லாம் அந்தக் கதையிலும் இருக்கிறது. கொடுப்பவர்கள்தான் வேறு.

லண்டனில் இறங்கி விக்டோரியா ஹோட்டலில் தங்கினார். கிளம்பும்போது அவர் பங்குக்கு வந்த பில் 3 பவுண்டு. அதைப் பார்த்து அதிர்ந்து போனதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சைவச் சாப்பாடு சரியாகக் கிடைக்காமல் பாதிப் பட்டினி வேறு. இந்த 3 பவுண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதன்பின் அவர் கணக்கு எழுத ஆரம்பித்தார். பஸ் கட்டணம், தபால்தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை என்று எல்லாவற்றையும் எழுதி, இரவு படுக்கும்முன் மீதியைச் சரிபார்ப்பாராம். இரண்டு அறையை ஒரே அறையாக்கினார், பஸ்ஸை விட்டு நடந்தார், காலை உணவைத் தானே செய்துகொண்டார். ஊர் திரும்பிய பிறகு, லண்டன் போக விரும்பும் இந்தியர்களுக்காக ஒரு கையேடும் எழுதினார். வாரத்துக்கு ஒரு பவுண்டில் அங்கே வாழலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் கையேடு. தனியாக வெளிநாடு போவதற்கான பட்ஜெட் புத்தகம் என்று இன்று கடையில் கிடைப்பதற்கெல்லாம் அது தாத்தா.

அடுத்து நம் ஊர்க்காரர் ஒருவர். 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் கிளம்பினார் ராமானுஜன். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை ஆண்டுக்கு 250 பவுண்டு, கப்பல் கட்டணம் தனி. டிரினிட்டி கல்லூரி மேலும் 60 பவுண்டு கொடுத்தது. அன்றைய விலை ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். பல்கலைக்கழகம் கொடுத்தது மட்டும் நம் பணத்தில் 3,750 ரூபாய். கும்பகோணத்துக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. எனக்கு இதில் கவனிக்கத் தோன்றுவது வேறொன்று. ஏப்ரல் 14ஆம் தேதி அவர் லண்டனில் இறங்கியபோது, கணிதப் பேராசிரியர் நெவில் காரோடு காத்திருந்தார். கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் நெவில் வீட்டில்தான் தங்கினார். காந்தியின் பையிலும் டாக்டர் மேத்தா, தாதாபாய் நௌரோஜி உள்பட நாலு பேருக்கு அறிமுகக் கடிதங்கள் இருந்தன.

ஆக, அந்தக் காலத்திலும் அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆனால் பணத்துக்காக இல்லை. பணம் இருந்தால் எடுத்துக்கொண்டு போக யாரும் தடை சொல்லவில்லை. 1937 முதல் 1940 வரை காந்தி படத்துக்காக உலகம் சுற்றி, பழைய படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்த ஏ.கே. செட்டியாரும் அந்தக் காலத்தின் கடைசி வண்டியைப் பிடித்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய கையோடு, இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தது. போர்க்காலத்துக்கு என்று வந்தது, போர் முடிந்தும் போகவில்லை. 1947இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. 1973இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. பழைய வங்கிக்காரர்கள் இன்றும் பயபக்தியோடு 'ஃபெரா' என்று சொல்வது அதைத்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. புதிய நாடு. இரும்பாலைக்கு இயந்திரம் வேண்டும், உரம் வேண்டும், பஞ்சம் வந்தால் கோதுமையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் டாலரும் பவுண்டும்தான் கொடுக்க வேண்டும். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1957 வாக்கில், போர்க்காலத்தில் சேர்ந்த ஸ்டெர்லிங் கையிருப்பு மளமளவென்று கரைந்தது. நாட்டின் பர்ஸே காலியாக இருக்கும்போது ஒருவர் ஊர் சுற்றிப் பார்க்க டாலர் கொடு என்றால் எப்படிக் கொடுப்பார்கள்?

அந்தக் காலத்தில் இங்கிலாந்து போனவர்கள் பலர் "மூணே மூணு பவுண்டோட போனேன்" என்பார்கள். அமெரிக்கா போனவர்கள் "எட்டு டாலர்" என்பார்கள். இரண்டும் வேறு வேறு கதை மாதிரித் தெரியும். 1949 முதல் 1967 வரை ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர். மூன்று பவுண்டைப் பெருக்கிப் பாருங்கள், 8 டாலர் 40 சென்ட் வரும். ரூபாயில் ஏறக்குறைய 40. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலர் 4.76இலிருந்து 7.50 ஆனதும், அதே 8 டாலருக்கு 60 ரூபாய் ஆயிற்று. 1967இல் ராஜ் கபூர் 8 டாலரோடு உலகம் சுற்றுவதாக ஒரு இந்திப் படமே வந்தது. பார்த்தவர்களுக்கு அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த விக்டோரியா ஹோட்டல் பில்லுக்கு வாருங்கள். 1888இல் ஒரு மாணவரை அதிரவைத்த பில் 3 பவுண்டு. எழுபது வருடங்களுக்கு மேல் கழித்து, விலைவாசி எங்கேயோ போனபிறகு, சுதந்திர இந்தியாவின் பயணி ஒருவர் கையில் எடுத்துப்போனது அதே 3 பவுண்டு.

விமான டிக்கெட்டை ரூபாயில் இங்கேயே வாங்கலாம். ஆனால் அதற்கும் 'பி படிவம்' நிரப்பி ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற வேண்டும். பாஸ்போர்ட்டும் உரிமையாக இருக்கவில்லை, அரசு விருப்பப்பட்டால் கொடுக்கும் பொருளாகத்தான் இருந்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. பாஸ்போர்ட்டுக்கென்று முறையான சட்டம் அதன் பிறகுதான், அதே ஆண்டில் வந்தது.

சரி, 3 பவுண்டில் எப்படிச் சமாளித்தார்கள்? என் பெரியப்பா 1964இல் பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். உதவித்தொகை கைக்கு வரும்வரை ஆறு வாரம், அலுவலக நண்பரின் தம்பி வீட்டில் தங்கினார். அதற்கு முன் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் விலாசம், அவ்வளவுதான். (பம்பாய் வந்து இறங்கிய தமிழர்களும் இப்படித்தான், மாதுங்கா விலாசம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.) அந்த வீட்டில் இருந்தது இரண்டே அறை. ஒன்றை இவருக்குக் கொடுத்துவிட்டுக் குழந்தைகளோடு இன்னொன்றில் அவர்கள் படுத்துக்கொண்டார்களாம்.

இங்கேதான் ஒரு விஷயம். பெரியப்பா அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. "நீ அங்கே எனக்குச் செலவழித்ததற்கு நான் இங்கே உன் அம்மாவிடம் ரூபாயாகக் கொடுக்கிறேன்" என்பது நமக்கு நியாயமாகத் தெரியும். சட்டப்படி அது குற்றம். இங்கிருந்து பவுண்டு அனுப்பவும் முடியாது. எனவே கடன் கடனாகவே நின்றது. பெரியம்மா வருடாவருடம் யார் லண்டன் போனாலும் அப்பளமும் வடகமும் நாரத்தங்காயும் கட்டிக் கொடுத்தனுப்பினார். அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சென்னையில் வரன் பார்த்ததும், கல்யாணத்தில் மூன்று நாள் பந்தி பார்த்ததும் பெரியப்பாதான். அவர்களுக்குள் சண்டையும் வந்ததுண்டு, "நாங்க வச்சுக்கலைன்னா" என்று ஆரம்பிக்கும் பேச்சும் வந்ததுண்டு. ஆனாலும் உறவு விடவில்லை.

நம் வீடுகளில் பெட்டியில் ஊறுகாய் கட்டுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அது ருசிக்காக மட்டும் இல்லை. வெளியே சாப்பிடக் கையில் அந்நியக் காசு இல்லை, தங்கவைத்தவருக்குக் கொடுக்கவும் வேறு எதுவும் இல்லை. எட்டு டாலரோடு போனவர்களைத் தனியாகப் போனவர்கள் என்று சொல்ல முடியாது என்பது என் கட்சி. விமானத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கம் ஒரு வீடு இல்லாமல் ஒருவரும் கிளம்பியிருக்க முடியாது. அப்படி வீடு இல்லாதவர்கள் கிளம்பவே இல்லை. அவர்களைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை.

1991இல் நிலைமை அடிமட்டத்துக்குப் போனது. இரண்டு வார இறக்குமதிக்குக்கூடத் திண்டாட்டம். ஜூலையில் ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தார்கள். வீட்டு நகை அடகுக் கடைக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அடியிலிருந்துதான் கதவு திறந்தது. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்குப் பரிமாற்றங்களுக்கான கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்டதாக இந்தியா பன்னாட்டு நிதியத்திடம் ஒப்புக்கொண்டது. 2000 ஜூன் 1 முதல் ஃபெரா போய் 'ஃபெமா' வந்தது. பழைய சட்டத்தில் செலாவணி மீறல் கிரிமினல் குற்றம், புதியதில் பெரும்பாலும் அபராதத்தோடு முடியும் சிவில் விஷயம். 2004 பிப்ரவரியில் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்ற திட்டம் வந்தது. 2007இல் அது 2 லட்சம் டாலர். 2013இல் ரூபாய் ஆட்டம் கண்டபோது 75,000ஆகச் சுருங்கியது. 2015இல் இரண்டரை லட்சம் டாலர், சுற்றுலாச் செலவும் அதற்குள் அடக்கம். 2024 செப்டம்பரில் நாட்டின் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியது.

இதில் எனக்குப் பிடித்தது, இந்த வரம்பு குடும்பத்துக்கு இல்லை, ஆளுக்கு. கணவர் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு. பான் கார்டு வைத்திருக்கும் ஆசிரியை தன் பெயரில் விண்ணப்பித்து, தன் பென்ஷன் பணத்தில், யாருடைய விலாசச் சீட்டும் இல்லாமல் வியட்நாம் போய் வரலாம். பட்ஜெட் என்பது இப்போதுதான் உண்மையிலேயே அவருடைய பட்ஜெட்.

அப்படிப் போகிறவர்களுக்குக் கவுன்டரில் நான் சொல்வதைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை பொதுவாகத் தருவோம், அவ்வளவு தேவையும் இல்லை. பெரும்பகுதியை ஃபாரெக்ஸ் கார்டில் போட்டு, முதல் இரண்டு நாள் செலவை மட்டும் நோட்டாக வாங்குங்கள். வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயிலா உள்ளூர் நாணயத்திலா என்று மெஷின் கேட்டால் உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் விலையை அவர்கள் வைப்பார்கள். மீந்த டாலரைத் திரும்பி வந்த 180 நாளுக்குள் வங்கியில் கொடுத்துவிடுங்கள், 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். பெரிய தொகை அனுப்பினால் மூலத்திலேயே ஒரு வரி பிடிப்பார்கள். 2025 ஏப்ரலில் அதற்கான ஆண்டு வரம்பை 7 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். பிடித்த வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது வங்கி சொல்வது இல்லை, நான் சொல்வது. முன்பு அந்தப் பக்கத்து வீடு செய்த வேலையை இப்போது நீங்கள்தான் செய்தாக வேண்டும். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக்கொடுக்கவும், பர்ஸ் தொலைந்தால் நாலு நோட்டுக் கொடுக்கவும் ஆள் இல்லை. அதனால் மருத்துவக் காப்பீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாத பணமாக வேறொரு கார்டில், வேறொரு பையில் வையுங்கள். தினமும் இரவு கணக்கு எழுதுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

உங்கள் வீட்டிலும் எட்டு டாலரோடு போனவர்கள் இருந்தால், யார் வீட்டில் தங்கினார்கள் என்று கேட்டு வையுங்கள். போனவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். சோறு போட்டவர் பெயர் அடுத்த தலைமுறைக்கு மறந்துபோகும். பெரியப்பா தங்கிய வீட்டுக்காரரின் பேத்தி போன வருடம் புனேக்கு வேலையாக வந்தபோது எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினாள். ஹோட்டலுக்குப் பணம் அவளிடம் இருந்தது. இருந்தாலும் அவளை விடவில்லை.